1 கோடியே 13 லட்சம் பேர், ஆனால் ஆளில்லாத கம்பெனிகள்: 1945இல் சோவியத் படைபலம்

1960 ஜனவரியில் சோவியத் உச்ச சபையில் பேசிய சோவியத் தலைவர் நிகிதா குருஷேவ், அதுவரை வெளியே சொல்லப்படாத நான்கு எண்களைச் சொன்னார். 1945 மே மாதம் சோவியத் ஆயுதப்படைகளில் இருந்தவர்கள் 1,13,65,000 பேர். 1948இல் 28,74,000 பேர். 1955இல் 57,63,000 பேர். அவர் பேசிய நேரத்தில் 36,23,000 பேர். இரண்டாம் உலகப்போரின் முடிவில் செஞ்சேனை, அதாவது சோவியத் ராணுவம், எவ்வளவு பெரியது என்று யார் எழுதினாலும் இந்த முதல் எண்ணில்தான் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அங்கேயே நின்றும் விடுகிறார்கள்.

அந்த எண் சரியானதுதான். ஆனால் அதைத் தனியாக வைத்துக்கொண்டு செஞ்சேனையின் நிலையைப் புரிந்துகொள்ள முடியாது. அதே 1945க்கு 60 லட்சம் என்று ஒரு கணக்கும், 1 கோடியே 28 லட்சம் என்று இன்னொரு கணக்கும் ஆவணங்களில் கிடைக்கின்றன. மூன்றும் பொய்யல்ல. எண்ணப்பட்டவர்கள் வேறு வேறு. யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்பது தெரிந்தால்தான், உலகின் மிகப்பெரிய படைகளில் ஒன்றாக நின்ற அதே வேளையில் செஞ்சேனையின் காலாட்படைக் கம்பெனிகள் (நூற்றுச் சொச்சம் வீரர்கள் கொண்ட சிறு பிரிவுகள்) ஏன் பாதி காலியாகக் கிடந்தன என்பதும் விளங்கும்.

வரவும் செலவும்

கர்னல் ஜெனரல் கிரிகோரி கிரிவோஷீவ் தலைமையிலான குழு ஆவணக் காப்பகங்களைத் துருவி 1993இல் வெளியிட்ட கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு கடையின் பேரேட்டைப் படிப்பது போலவே இதையும் படிக்கலாம்.

வரவு: 1941 ஜூன் 22 அன்று ஏற்கெனவே படைகளிலும் படையின் உணவுப்பட்டியலில் இருந்த பிற அமைப்புகளிலும் 49,01,800 பேர். போர்க்காலம் முழுவதும் புதிதாகத் திரட்டப்பட்டவர்கள் 2,95,74,900 பேர். மொத்தம் 3,44,76,700. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் ஒருமுறை அழைக்கப்பட்டு, ஜெர்மானியர் பிடித்த பகுதியில் சிக்கி, பின்னர் அந்தப் பகுதி மீட்கப்பட்டதும் மறுபடி அழைக்கப்பட்டவர்களும், வேறு வகையில் மறுபடி திரட்டப்பட்டவர்களுமாக 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உண்டு. அவர்களை இரண்டாம் தடவை எண்ணக்கூடாது. இதைக் கவனிக்காமல் ஆள்சேர்ப்பு அலுவலகப் பட்டியல்களை அப்படியே கூட்டுபவர்களுக்கு மொத்தம் 20 லட்சத்துக்கு மேல் வீங்கிவிடும்.

செலவு: இறந்தவர், காணாமற்போனவர், சிறைப்பட்டவர் சேர்ந்த மீளா இழப்பு 1,14,44,100. காயத்தாலும் நோயாலும் படையிலிருந்து விலக்கப்பட்டவர்கள் 37,98,200. அதில் 25,76,000 பேர் நிரந்தர ஊனமுற்றவர்கள். தொழிற்சாலைகளுக்கும் உள்ளூர் வான்காப்புக்கும் காவல் பணிக்கும் மாற்றப்பட்டவர்கள் 36,14,600. உள்துறைப் படைகளுக்கும் அதுபோன்ற பிற அமைப்புகளுக்கும் போனவர்கள் 11,74,600. போலந்து, செக்கோஸ்லோவாகியா, ருமேனியா நாட்டுப் படைகளை உருவாக்கத் தரப்பட்டவர்கள் 2,50,400. சிறைத்தண்டனை பெற்று வெளியேறியவர்கள் 4,36,600. கண்டுபிடிக்கப்படாத ஓடிப்போனவர்கள், வழியில் தவறியவர்கள் 2,12,400. வேறு காரணங்களுக்காக விலக்கப்பட்டவர்கள் 2,06,000. கடைசியாக, 1941இன் குழப்பத்தில் அழைப்பாணை பெற்று, தங்கள் பிரிவைச் சென்றடையும் முன்பே எதிரியிடம் சிக்கிய சுமார் 5,00,000 பேர்.

இவற்றைக் கூட்டினால் 2,16,36,900 வரும். வரவிலிருந்து கழித்தால் 1,28,39,800 மிஞ்சும். 1945 ஜூலை 1 அன்று சோவியத் அரசின் கையில் சீருடையோடு இருந்தவர்கள் இவ்வளவு பேர். அவர்களில் 10,46,000 பேர் மருத்துவமனைப் படுக்கைகளில். 4,03,200 பேர் சிவில் துறைகளுக்காகக் கட்டுமான வேலையும் மற்ற வேலைகளும் செய்த பிரிவுகளில். எஞ்சிய 1,13,90,600 பேர்தான் படைப்பிரிவுகளின் பட்டியலில் இருந்தவர்கள். குருஷேவ் சொன்ன மே மாத எண்ணுக்கும் இதற்கும் 25,000 பேர்தான் வித்தியாசம்.

மீளா இழப்பு என்பதும் மரணம் என்பதும் ஒன்றல்ல. 1,14,44,100இல் போர் முடிந்து சிறையிலிருந்து திரும்பிய 18,36,000 பேரும், காணாமற்போனதாகப் பதிவாகி மீட்கப்பட்ட பகுதிகளில் மறுபடி படையில் சேர்க்கப்பட்ட 9,39,700 பேரும் அடக்கம். இவர்களைக் கழித்தால் 86,68,400. இதுதான் ரஷ்யா ஏற்கும் படைச்சாவு எண்ணிக்கை. இதைவிடக் கூடுதல் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வலுவான காரணமும் உண்டு. 1941இல் சுற்றிவளைக்கப்பட்ட படைகளோடு அவற்றின் பதிவேடுகளும் அழிந்தன. சோவியத் கணக்கில் காணாமற்போனவர்களும் சிறைப்பட்டவர்களும் சேர்ந்தே 45.6 லட்சம், ஜெர்மானியக் கணக்கிலோ சிறைப்பட்டவர்கள் மட்டும் சுமார் 57 லட்சம். இந்த இடைவெளியின் ஒரு பகுதிக்கு விடை மேலே கண்ட அந்த 5 லட்சம் பேரில் இருக்கிறது. ஊர்க்காவல் தொண்டர்கள், ரயில்வே ஆட்கள், படைவயதுடைய குடிமக்கள் என யாரைப் பிடித்தாலும் ஜெர்மானியர் போர்க்கைதியாகவே எழுதிக்கொண்டதும் ஒரு காரணம். ஆக, 1945இன் இருப்பு எண்ணிக்கை உறுதியானது. அந்த இருப்புக்கு முன்னால் எத்தனை பேர் போனார்கள் என்பதில்தான் சர்ச்சை.

போர்முனையில் எத்தனை பேர்?

1 கோடியே 13 லட்சம் பேரும் ஜெர்மனியில் நிற்கவில்லை. நேரடிப் போரில் ஈடுபட்ட படைகளைச் சோவியத் ஆவணங்கள் ‘செயற்படும் படை’ என்று தனியாக எழுதின. 1945இன் முதல் மாதங்களில் அதன் பலம் 60 லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. மற்றவர்கள் தூரகிழக்கில் ஜப்பானுக்கு எதிரே, நாட்டின் உட்பகுதி ராணுவ மாவட்டங்களில், பயிற்சிப் பள்ளிகளில், மாற்று ஆட்களைத் தயார்செய்த சேமப் படைப்பிரிவுகளில், கடற்படையில், நகரங்களின் வான்காப்பில், ரயில்பாதைப் பிரிவுகளில் என்று பரவியிருந்தார்கள்.

அந்த 60 லட்சத்திலும் துப்பாக்கியோடு முன்வரிசையில் நடந்தவர்கள் சிறுபான்மை. இதைப் பார்க்க டிவிஷனுக்குள் நுழைய வேண்டும்.

1941 ஏப்ரலில் ஒரு சோவியத் காலாட்படை டிவிஷனுக்கு விதிக்கப்பட்ட அளவு 14,483 பேர். போர் தொடங்கிய அடுத்த மாதமே அது 10,859 ஆகச் சுருக்கப்பட்டது. 1942 டிசம்பரில் 9,435. இது காகிதத்தில் இருந்த அளவு. 1945இல் நிஜத்தில் பெரும்பாலான டிவிஷன்கள் 4,000 முதல் 6,000 பேரோடுதான் தாக்குதலுக்குப் போயின. பெரிய நடவடிக்கைக்கு முன் ஆட்களை நிரப்பினாலும், இரண்டு மூன்று வாரச் சண்டையில் மறுபடி கீழே இறங்கிவிடும்.

குறைந்தவர்கள் யார் என்பதுதான் முக்கியம். ஒரு டிவிஷனில் மூன்று ரெஜிமென்ட், ஒவ்வொன்றிலும் மூன்று பட்டாலியன், ஒவ்வொன்றிலும் மூன்று கம்பெனி. மொத்தம் 27 காலாட்படைக் கம்பெனிகள். கம்பெனிக்குச் சுமார் 140 பேர் என்றால் 3,800 பேர். டிவிஷனின் எஞ்சிய சுமார் 5,600 பேர் பீரங்கி, மார்ட்டர், சமிக்ஞை, பொறியியல், மருத்துவம், குதிரைவண்டி, சமையல், அலுவலகம் ஆகிய வேலைகளைச் செய்தவர்கள். எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக்கும் மார்ட்டர் குண்டுக்கும் முதலில் விழுபவர்கள் அந்த 3,800 பேரே. டிவிஷன் பாதியாகக் குறைந்தது என்றால் கம்பெனிகள் பாதியைவிட மோசமாகக் கரைந்துவிட்டன என்று பொருள். அதனால்தான் போரின் இறுதியில் பல டிவிஷன்களில் பட்டாலியனுக்கு மூன்று கம்பெனி என்ற ஏற்பாட்டைக் கைவிட்டு, இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். எண்பது பேர் இருந்தால் அது நல்ல கம்பெனி.

ஆள் இல்லையென்றால் சில டிவிஷன்களைக் கலைத்து மற்றவற்றை நிரப்பியிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. செஞ்சேனை அதைப் பெரும்பாலும் செய்யவில்லை. ஒரு டிவிஷனின் தலைமையகமும் பீரங்கி ரெஜிமென்ட்டும் சமிக்ஞைக் கம்பெனியும் உருவாக மாதக்கணக்காகும். கம்பெனியை நிரப்பச் சில நாட்கள் போதும். எலும்புக்கூட்டைக் காப்பாற்றி வைத்தால் சதையை எப்போது வேண்டுமானாலும் பூசலாம் என்ற கணக்கு அது. போர் முடிந்தபோது 500க்கும் மேற்பட்ட காலாட்படை டிவிஷன்கள் பட்டியலில் இருந்தன.

இழப்பை ஈடுகட்டிய நான்கு வழிகள்

1945 ஜனவரி முதல் மே வரை ஐரோப்பாவில் செஞ்சேனைக்கு ஏற்பட்ட மீளா இழப்பு 8,00,817. காயமும் நோயும் சேர்ந்து 22,12,690. நான்கே மாதங்களில் 30 லட்சம் பேர். நாளொன்றுக்குச் சராசரியாக 23,000 பேர் வரிசையிலிருந்து விழுந்தார்கள், வெற்றி பெற்றுக்கொண்டிருந்த ஒரு படையில். 1941இன் மீளா இழப்பு 31,37,673, 1942இல் 32,58,216, 1943இல் 23,12,429, 1944இல் 17,63,891 என்ற வரிசையோடு வைத்தால், மாத விகிதம் 1944 வரை குறைந்துகொண்டே வந்து 1945இல் மறுபடி ஏறியது தெரியும். ஒவ்வொரு நாளும் இரண்டு டிவிஷன் காகித அளவுக்கு ஆள் தேவைப்பட்டது.

இதில் மிகப்பெரிய பங்கை அளித்தது மருத்துவமனை. காயமடைந்தவர்களில் 72 விழுக்காட்டினரும் நோயுற்றவர்களில் 90 விழுக்காட்டினரும் மறுபடி பணிக்குத் திரும்பியதாகச் சோவியத் ராணுவ மருத்துவத் துறையின் கணக்கு சொல்கிறது. லேசான காயம் பட்டவர்களைத் தொலைவுக்கு அனுப்பாமல் அந்தந்தப் படைக்குள்ளேயே வைத்துத் தேற்றித் திருப்பி அனுப்பினார்கள். போர் முழுவதற்குமான காயம், நோய், பனிக்கடி எண்ணிக்கை 1,83,44,148. இது ஆட்களின் எண்ணிக்கை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் இது சம்பவங்களின் எண்ணிக்கை. மூன்று முறை காயப்பட்டவர் இதில் மூன்று முறை இருப்பார்.

இரண்டாவது வழி, மீட்கப்பட்ட நிலம். உக்ரைன், பெலாரஸ், மால்டோவா, பால்டிக் பகுதிகள் கைக்கு வர வர, இரண்டு மூன்று ஆண்டுகள் எட்டாதிருந்த ஆண்களைப் படைகள் சேர்த்துக்கொண்டன. ஆரம்பத்தில் போர்முனைப் படைகளே நேரடியாக ஊர்களில் ஆளெடுத்தன. விளைவு மோசமானது. சரியான பயிற்சியும் சீருடையும் இல்லாமலே பலர் சண்டைக்குள் தள்ளப்பட்டார்கள். பின்னர் சேமப் படைப்பிரிவுகள் வழியாக அனுப்பவேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவரப்பட்டது. ஆனால் 1945இல் படைகள் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டதால் இந்த ஊற்று வற்றிவிட்டது. அங்கே மீட்ட நிலம் இருந்தது, சேர்க்கத் தன் குடிமக்கள் இல்லை.

இல்லை என்பது முழு உண்மையல்ல. ஜெர்மன் முகாம்களில் சோவியத் போர்க்கைதிகளும் கட்டாயக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களும் இருந்தார்கள். இவர்களே மூன்றாவது வழி. விடுவிக்கப்பட்ட போர்க்கைதிகளைப் பாதுகாப்புப் பிரிவினர் விசாரித்து, கணிசமானோரை உடனே படையில் சேர்த்தார்கள். 1946 மார்ச் வரையான கணக்கில், தாயகம் திரும்பிய 15.4 லட்சம் போர்க்கைதிகளில் 43 விழுக்காட்டினர் மறுபடி படைக்கு, 22 விழுக்காட்டினர் உழைப்புப் பட்டாலியன்களுக்கு, 15 விழுக்காட்டினர் உள்துறையின் பிடிக்கு. நேரே வீட்டுக்குப் போனவர்கள் 18 விழுக்காடுதான். பட்டினி முகாமிலிருந்து எலும்பும் தோலுமாக வந்தவர் ஒரு சில வாரங்களில் ஓடர் ஆற்றங்கரையில் துப்பாக்கியோடு நின்றார் என்பது இந்தப் போரின் கொடுமைகளில் ஒன்று. அது பேசப்படவேண்டிய அளவுக்கு இன்னும் பேசப்படவில்லை.

நான்காவது, புதிதாக வயதுக்கு வந்த இளைஞர்கள். 1926இல் பிறந்தவர்கள் 1943 இறுதியில், 1927இல் பிறந்தவர்கள் 1944 இறுதியில் அழைக்கப்பட்டார்கள். கடைசித் தொகுதி பதினேழு வயதுப் பையன்கள். பெரும்பாலோரைப் போர்முனைக்கு அனுப்பாமல் பயிற்சியிலும் பின்புலப் பணியிலும் வைத்தார்கள். மிச்சமிருந்த ஒரே முழுமையான தலைமுறையையும் செலவழித்துவிட்டால் அதன்பின் யாருமில்லை என்பது தலைமைக்குத் தெரிந்திருந்தது.

பெண்களையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். 1945 ஜனவரி 1 அன்று படைப்பணியில் 4,63,503 பெண்கள். அவர்களில் 3,18,980 பேர் போர்முனைகளில். வான்காப்புப் பீரங்கி, தொலைத்தொடர்பு, மருத்துவம், போக்குவரத்து ஒழுங்கு ஆகிய பணிகளில் அவர்கள் அமர்ந்ததால் அத்தனை ஆண்கள் காலாட்படைக்குக் கிடைத்தார்கள்.

ஆள் குறைய, இரும்பு கூடியது

மெலிந்த கம்பெனிகளோடு போலந்தின் விஸ்துலா ஆற்றிலிருந்து பெர்லின் வரை எப்படிப் போனார்கள்? 1945 ஜனவரியின் விஸ்துலா-ஓடர் தாக்குதலில் இரண்டு போர்முனைகளில் (பல ஆர்மிகள் சேர்ந்த பெரும்படையையும் சோவியத் வழக்கில் போர்முனை என்பார்கள்) 22 லட்சம் பேர், 33,000க்கு மேற்பட்ட பீரங்கிகளும் மார்ட்டர்களும், 7,000 டாங்கிகளும் தானியங்கிப் பீரங்கிகளும். பெர்லின் தாக்குதலில் போலந்துப் படைகளையும் சேர்த்து 25 லட்சம் பேர், 41,600 பீரங்கி மார்ட்டர்கள், 6,250 டாங்கிகள், 7,500 விமானங்கள். அதாவது சராசரியாக 60 பேருக்கு ஒரு பீரங்கி அல்லது மார்ட்டர். ஏப்ரல் 16 அன்று மட்டும் ஷூக்கோவின் முதலாவது பெலாரஷ்யப் போர்முனை 12,36,000 குண்டுகளைச் சுட்டது. 2,450 ரயில் பெட்டிச் சரக்கு, கிட்டத்தட்ட 98,000 டன். இதுபோகக் கம்பெனிகளில் தானியங்கித் துப்பாக்கிகள் பெருகியிருந்தன. எண்பது பேர் அன்று கொட்டிய தோட்டா 1941இன் எண்பது பேரைவிடப் பல மடங்கு.

இந்த இரும்பை நகர்த்தியவை லாரிகள். 1945 மே மாதம் செஞ்சேனையிடம் சுமார் 6,65,000 மோட்டார் வாகனங்கள் இருந்தன. மூன்றில் ஒன்று அமெரிக்கக் கடனுதவியில் வந்தது, ஸ்டூடிபேக்கர் முதலியவை. ஒன்பது விழுக்காடு எதிரியிடமிருந்து பிடித்தவை. ஆள் பற்றாக்குறையும் அமெரிக்க லாரியும் தனித்தனிச் செய்திகள் அல்ல: பீரங்கியை வேகமாக முன்னே கொண்டுபோக முடிந்ததால்தான் குறைந்த காலாட்களோடு தாக்க முடிந்தது. அப்படியும் பெர்லினில் சோவியத் தரப்பில் 78,291 பேர் மீளா இழப்பு, 2,74,184 பேருக்குக் காயம் அல்லது நோய். மூன்றே வாரங்களில்.

மேற்குநாடுகளின் கணக்குகளைப் படிக்கும்போது கவனிக்கவேண்டியதும் இதுதான். 1945 மே 22 தேதியிட்ட பிரிட்டிஷ் போர்த்திட்டமொன்று, சர்ச்சில் கேட்டுக்கொண்டபடி, சோவியத்துடன் போர் வந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டது. எதிரே 264 டிவிஷன், தங்களிடம் 103 என்று எழுதினார்கள். இரண்டு பக்கத்து டிவிஷனும் ஒன்றல்ல. அமெரிக்கக் காலாட்படை டிவிஷனின் அளவு 14,000 பேர், அதுவும் பெரும்பாலும் நிரம்பியது. சோவியத் டிவிஷன் அதில் மூன்றில் ஒன்று. பீரங்கியும் டாங்கியும் பெரும்பாலும் டிவிஷனுக்கு வெளியே, அதற்கு மேலான அமைப்புகளான கோர், ஆர்மி, உச்சத் தலைமையின் சேமிப்பு ஆகியவற்றில் குவிந்திருந்தன. அதனால் டிவிஷனை மட்டும் எண்ணுபவர் சோவியத் காலாட்படையை மிகைப்படுத்திவிடுவார். சோவியத்தின் 175 டிவிஷன் என்ற கணக்கு 1960கள் வரை நேட்டோவை அச்சுறுத்தியதும் இதே பிழையால்தான். எண்ணிய டிவிஷன்களில் பல ஆளற்ற கூடுகள்.

வீட்டுக்கு அனுப்புதல்

ஜெர்மனி சரணடைந்த மறுவாரமே படையைக் கலைக்க முடியவில்லை. மூன்று மாதத்துக்குள் ஜப்பானுக்கு எதிராக இறங்குவதாக ஸ்டாலின் யால்டா மாநாட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து 5ஆம், 39ஆம் ஆர்மிகளும், செக்கோஸ்லோவாகியாவிலிருந்து 53ஆம் ஆர்மியும் 6ஆம் காவல் டாங்கி ஆர்மியும் சைபீரிய ரயில்பாதை வழியே கிழக்கே போயின. ஆகஸ்ட் 9 அன்று வாசிலெவ்ஸ்கியின் கீழ் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தார்கள். அங்கே மீளா இழப்பு 12,031.

இதற்கிடையே 1945 ஜூன் 23 அன்று உச்ச சபை சட்டம் இயற்றியது. முதலில் விடுவிக்கப்பட்டவர்கள் வயதில் மூத்த 13 பிறப்பாண்டுத் தொகுதிகள்: 1893 முதல் 1905 வரை பிறந்தவர்கள், நாற்பதிலிருந்து ஐம்பத்திரண்டு வயதுக்காரர்கள். செப்டம்பருக்குள் 33 லட்சம் பேர் போனார்கள். செப்டம்பர் 25 ஆணையில் அடுத்த 10 தொகுதிகள், அதோடு ஆசிரியர்கள், உயர்கல்வி அல்லது தொழில்நுட்பக் கல்வி பெற்றவர்கள், படிப்பை இடையில் விட்ட மாணவர்கள், மூன்று அல்லது அதற்கு மேல் காயம் பட்டவர்கள், ஏழாண்டு சேவை முடித்தவர்கள், விரும்பித் தங்கிய நிபுணர்கள் நீங்கலான பெண்கள். 1946 மார்ச் 20 ஆணையில் மேலும் 6 தொகுதிகள். 1948க்குள் 85 லட்சம் பேர் வெளியே வந்தார்கள்.

அமெரிக்கா சேவைக்காலம், போர்ப்பதக்கம், குழந்தைகள் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் போட்டு 85 எடுத்தவரை அனுப்பியது. சோவியத் முறை வயதையும் தொழிலையும் பார்த்தது. காரணம் வயலிலும் ஆலையிலும் இருந்தது. 1941 நடுவில் 19.67 கோடியாக இருந்த மக்கள்தொகை 1945 இறுதியில் 17.05 கோடி. கூட்டுப்பண்ணைகளைப் பெண்களும் சிறுவர்களும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். டிராக்டரும் குதிரையும் போருக்குப் போயிருந்தன. 1946இல் வறட்சி வந்தபோது அரசின் கெடுபிடித் தானியக் கொள்முதலும் சேர்ந்துகொள்ள, பஞ்சம் பல லட்சம் உயிர்களைக் குடித்தது.

சட்டத்தில் சலுகைகள் தெளிவாக இருந்தன. இலவசப் பயணம், வழிச்சாப்பாடு, ஒரு தொகுதி உடையும் காலணியும். சாதாரண வீரருக்குச் சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டுச் சம்பளம். அதிகாரிகளுக்கு ஓராண்டு சேவைக்கு இரண்டு மாதச் சம்பளம் தொடங்கி நான்காண்டுக்கு ஐந்து மாதம்வரை. வீரரின் மாதச் சம்பளம் மிகச் சிறியது என்பதால் ஆண்டுக்கணக்கு பெரிதாகத் தெரிந்தாலும் கையில் வந்தது குறைவு. ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள் வேலை தரவேண்டிய பொறுப்பு உள்ளூர் நிர்வாகத்துக்கு.

நடைமுறையில் நெருக்கியது ரயில். சோவியத் தண்டவாளம் 1524 மி.மீ., ஐரோப்பியப் பாதை 1435 மி.மீ. அகலம் மாறும் இடங்களில் ஆளும் சரக்கும் மாற்றி ஏற்றப்பட வேண்டியிருந்தது. அதே பாதைகளில் அதே மாதங்களில் தூரகிழக்குக்கான ஆர்மிகள், ஜெர்மன் ஆலைகளைப் பிரித்து ஏற்றிய இழப்பீட்டுச் சரக்கு, காயம்பட்டோர் ரயில்கள், தாயகம் திரும்பிய 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குடிமக்களும் கைதிகளும் என எல்லாம் கிழக்கு நோக்கி. வீரர்களை அலையலையாகப் பிரித்து அனுப்பியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூத்தவர்கள் போகப்போக இளையவர்கள் தங்கினார்கள். ஜெர்மனி, போலந்து, ஆஸ்திரியா, ஹங்கேரி, ருமேனியாவில் நிலைகொண்ட படைகளுக்கு ஆள் வேண்டும். அடுத்து அழைக்கப்படவேண்டிய பையன்களோ தொழிற்சாலைக்கும் பண்ணைக்கும் தேவைப்பட்டார்கள், அதனால் வழக்கமான ஆள்சேர்ப்பு 1949 வரை நிறுத்திவைக்கப்பட்டது. பெரும்பாலும் போரைப் பார்க்காத 1927ஆம் ஆண்டுத் தொகுதிதான் அந்தப் பாரத்தைச் சுமந்தது. 1944இன் கடைசியில் பதினேழு வயதில் போனவர்களில் பலர் ஆறேழு ஆண்டுகள் கழித்து, 1950, 1951இல்தான் ஊர் திரும்பினார்கள்.